கணனிக்கும் முன்பின் சொல்ல வேண்டும்

கொழுந்து மடுவத்தில் தராசு 18 கிலோ காட்டுகிறது. இது நல்ல நாளா, மோசமான நாளா? தராசை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெப்ரவரி வெயிலில், காய்ந்து கிடக்கும் மலையில் 18 கிலோ எடுத்த அக்காவை நாம் கெட்டிக்காரி என்போம். சித்திரை மழை விழுந்து கொழுந்து பொங்கி நிற்கும் மலையில் அதே 18 கிலோ என்றால், "என்ன புள்ள, ஒடம்புக்கு முடியலயா?" என்று கங்காணியே கேட்பார். மழை நாளில் தண்ணீர்க் கழிவு என்று சில கிலோ போய்விடும். (அந்தக் கழிவு நியாயமா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு இதழில் வைத்துக் கொள்வோம்.) எண் ஒன்றுதான். எந்த மாதம், எந்த மலை, கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம், மழையா வெயிலா, பறித்தவர் பழைய ஆளா புதுப் பிள்ளையா என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது.

இப்படி ஒரு விஷயத்தைச் சுற்றியிருக்கும் விபரத்தைப் படித்தவர்கள் 'சூழமைவு' என்கிறார்கள். நம் வீட்டுப் பாஷையில் அது 'முன்பின்'. "முன்பின் தெரியாம பேசாத" என்று பாட்டிமார் அதட்டுவார்களே, அதே முன்பின்தான்.

இன்று நமது லயங்களில் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் செயற்கை அறிவிடம் கேள்வி கேட்கிறார்கள். பாடம் கேட்கிறார்கள், கடிதம் எழுதித் தரச் சொல்கிறார்கள், வைத்தியம் கேட்கிறார்கள், மழைக்காலத்தில் "மண் சரியுமா" என்றும் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற செயலி வந்த பிறகு இந்தப் பழக்கம் உலகமெங்கும் வேகமாகப் பரவியது. இந்தக் கருவி எப்படி விடை கண்டுபிடிக்கிறது என்று பெரியவர்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. விசேடமாக ஹல்துமுல்லைப் பக்கத்து மலைகளில் வாழும் நமக்கு. ஏன் என்று பின்னால் வருகிறோம்.

முதலில் பாஷையை எடுத்துக் கொள்வோம். "இன்னைக்கு பேர் போட்டாங்களா?" என்று நாம் கேட்டால், சம்பளக் கணக்கில் இன்றைய நாள் விழுந்ததா என்று அர்த்தம். சென்னையில் ஒருவர் காதில் இது விழுந்தால் குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு என்று நினைப்பார். "பத்தாம் நம்பர் மலைக்குப் போறேன்" என்றால் அவருக்கு ஏதோ மலையேறும் பயணம். நமக்கு அது தேயிலை நிற்கும் ஒரு துண்டு நிலம். 'தவறணை' என்ற சொல்லைப் பாருங்கள். நமக்குத் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். யாழ்ப்பாணத்தில் அது கள்ளு விற்கும் இடம்! "எங்க அம்மா தவறணையில வேலை செய்யிறாங்க" என்று நம் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பள்ளியில் சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

பழைய காலத்துக் கணனி மொழிபெயர்ப்பு, அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பது போன்றது. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் தடுமாறிவிடும். இன்றைய முறை வேறு. 2017 இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு வழிமுறைதான் இப்போதைய செயலிகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றப்படுகிறது. பிறகு ஒவ்வொரு சொல்லும் தன்னைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களைப் பார்க்கிறது. எந்தச் சொல் தனக்கு முக்கியம், எது முக்கியமில்லை என்று நிறுத்துப் பார்க்கிறது. 'தவறணை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கன்று', 'பொலித்தீன் பை', 'தண்ணீர் தெளிக்க' என்று வந்தால் அதன் எண்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. 'கள்ளு', 'போத்தல்', 'சண்டை' என்று வந்தால் மறுபக்கம் சாய்கின்றன. பெரட்டுக் களத்தில் ஒரு புது ஆள் நின்றால், அவர் யாருடன் பேசுகிறார், யார் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்தே இவர் இன்னார் வீட்டு மருமகன் என்று நாம் கண்டுபிடிக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

கணனி தேயிலையையும் பார்த்ததில்லை, கள்ளையும் குடித்ததில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கூட்டாக வரும் என்று பழகியிருக்கிறது. அவ்வளவுதான் அதன் கெட்டித்தனம். அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தமிழ் அதற்கு ஓரளவு கிடைத்திருக்கிறது. நமது தோட்டத்துப் பேச்சு எழுத்தில் வந்தது குறைவு, அதனால் அதற்குக் கிடைத்ததும் குறைவு. நாம் ஒற்றை வரியில் கேட்டால் அது தனக்குப் பழக்கமான பக்கம் சாய்ந்துவிடும். சில வேளை தெரியாது என்று சொல்லாமல், தெரிந்தது போலவே கதை விடும். அதுவும் நல்ல தமிழில், தடங்கல் இல்லாமல் விடும். அதுதான் ஆபத்து.

இன்னொரு விஷயம். செயற்கை அறிவுக்கு முன்னால் ஒரு மேசை இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். நாம் எழுதிய கேள்வி, போட்ட படம், அந்தப் பேச்சில் முன்னர் சொன்ன விபரம் எல்லாம் அந்த மேசையில் கிடக்கும். படித்துப் பழகியதோடு மேசையில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தே அது பதில் சொல்லும். புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கினால் மேசை துடைக்கப்பட்டுவிடும். சில செயலிகள் நம்மைப் பற்றிச் சிறு குறிப்பு வைத்துக் கொள்கின்றன, ஆனால் "போன கிழமை சொன்னேனே" என்று நாம் அதை நம்பி இருக்க முடியாது.

நமது வீடுகளுக்கு வரும் சிங்களக் கடிதங்களை வைத்து இதைப் பார்க்கலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011 இலும் சிங்களம் 2014 இலும் சேர்ந்தன. அரசாங்கக் கடிதங்களைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையில் மாற்றுவதற்கென்றே மொரட்டுவைப் பல்கலைக்கழகம் 'சி-த' என்ற மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றை உருவாக்கியது. அரசாங்கக் கடிதத்துக்கென்று தனியாக ஏன்? அந்தக் கடிதங்களின் பாஷை தனி. சிங்களத்தில் 'வத்த' என்றால் வீட்டுத் தோட்டமும் அதுதான், தேயிலைத் தோட்டமும் அதுதான். எந்தக் காரியாலயம், எதைப் பற்றி எழுதுகிறது என்று தெரிந்தால்தான் எந்தத் தோட்டம் என்று புரியும். ஆகவே ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தால், புரியாத ஒரு வரியை மட்டும் படம் பிடித்துக் கேட்காதீர்கள். தலைப்பிலிருந்து கையொப்பம் வரை முழுப் பக்கத்தையும் எடுங்கள். "இது ஓய்வு பெற்ற எங்க அம்மாவுக்கு வந்தது, போன மாசம் ஒரு படிவம் குடுத்தோம், அதுக்குப் பதிலா வந்திருக்கு" என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லுங்கள். "மேற்குறித்த ஆவணம்" என்று கடிதம் சொல்லும்போது எந்த ஆவணம் என்று கணனிக்கு அப்போதுதான் பிடிபடும். அடையாள அட்டை இலக்கமும் அங்கத்துவ இலக்கமும் தெரியாதபடி விரலால் மறைத்துவிட்டுப் படம் எடுப்பது நல்லது. பணம் சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் பதிலை ஒரு படித்த ஆளிடமும் காட்டிவிடுங்கள்.

கடிதம் பிழைத்தால் மறுபடி எழுதலாம். மலை பிழைத்தால்?

75 மில்லிமீற்றர் மழை

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அதைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாடும் அப்படித்தான்.

மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மலைநாட்டில் தானாக அளக்கும் மழைமானிகளை அது வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் மஞ்சள், 100 மி.மீ. தாண்டினால் செம்மஞ்சள், 150 மி.மீ. தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்திலேயே 75 மி.மீ. கொட்டினாலோ சிவப்பு. சிவப்பு என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும். இது எளிமையான கணக்கு, எல்லோருக்கும் விளங்கும். அதனால்தான் இது உயிர் காக்கிறது.

ஆனால் தராசில் 18 கிலோ போலத்தான் இந்த 75 மில்லிமீற்றரும். இரண்டு மாதம் காய்ந்து கிடந்த மலையில் விழும் 75 வேறு. பத்து நாளாக ஊறிய மலையில் விழும் 75 வேறு. மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் நிறையும்போது அது உள்ளிருந்து மண் மணிகளைத் தள்ளுகிறது. ஒன்றையொன்று பிடித்துக் கொண்டிருந்த மண்ணின் பிடி விடுகிறது. மேலே பார்த்தால் மலை அப்படியே நிற்கும், உள்ளே பிடி போயிருக்கும். சரிவு எவ்வளவு செங்குத்து, அடியில் பாறையா, எப்போதோ சரிந்து வந்து குவிந்த பழைய மண்ணா, கான் வெட்டித் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா, வேர் பிடித்த மரம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மீரியபெத்தை அப்படிப்பட்ட பழைய குவியல் மண்ணின் மேல்தான் இருந்தது.

இவ்வளவு விபரத்தையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக் கணக்குப் பார்ப்பது மனிதருக்குக் கஷ்டம். கணனி இங்கே உதவும். அதை உண்மையாகவே செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அதுவும் நம்மைப் போன்ற தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் வாழும் ஊர்: கேரளத்து மூணாறு. அங்கே அந்தோணியார் காலனி என்ற சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் நிலத்துக்குள் துளை போட்டுக் கருவிகளை இறக்கியது. மழையை அளக்க ஒன்று, மண்ணுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை அளக்க ஒன்று, மலை மயிரிழை நகர்ந்தாலும் சொல்ல ஒன்று என்று பல வகை. அந்தக் கருவிகள் சொல்வது கம்பி இல்லாமலே கொல்லம் பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும். 2009 மழைக்காலத்திலிருந்து அங்கே எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறது. பிற்பாடு, சேர்ந்து வந்த பல வருஷத்துக் கணக்கைக் கணனிக்குப் பழக்கினார்கள். "இவ்வளவு நாள் மழை, இன்றைய மழை, இப்போதைய அழுத்தம் இது என்றால், நாளைக்கு அழுத்தம் எவ்வளவு ஏறும்?" என்று அது முன்கூட்டியே கணித்துச் சொல்லப் பழகியது. கொட்டும் மழையில் கிழவியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு ஒரு நாள் அவகாசம் கிடைப்பது சின்ன விஷயமா?

இதே மூணாறுப் பக்கத்தில்தான் 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயத்தில் தூங்கிக் கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போய்விட்டார்கள். கருவி இருந்த சரிவு வேறு, சரிந்த மலை வேறு. அந்தோணியார் காலனி மண்ணைப் படித்த கருவிக்குப் பெட்டிமுடி மண்ணின் முன்பின் தெரியாது. அந்த இரவு பெட்டிமுடியில் தொலைபேசித் தொடர்பும் இருக்கவில்லை. வெளியே சேதி போய்ச் சேரவே விடிந்துவிட்டது. ஒரு மலைக்குக் கிடைத்த புத்தி இன்னொரு மலைக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு சரிவின் விபரத்தையும் அந்தந்தச் சரிவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

விபரம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், மீரியபெத்தை அதற்கும் பதில் சொல்லும். அந்த இடம் ஆபத்தானது, மக்களை எழுப்ப வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. காகிதத்தில் முன்பின் எல்லாம் இருந்தது. "போங்க" என்று சொன்னால் போக இடம் வேண்டுமே! தலைமுறை தலைமுறையாகக் காம்பராவுக்குக்கூடச் சொந்தப் பத்திரம் இல்லாத ஆட்கள் எங்கே போவார்கள்? எங்கள் அபிப்பிராயத்தில் இதை எந்தக் கணனியும் தீர்க்காது. காணியும் வீடும் தரக்கூடியவர்கள்தான் தீர்க்க வேண்டும். இருந்தாலும், போகச் சொல்லும் அந்த ஒரு இரவில் யார் என்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது உயிர் விஷயம்.

இப்போது கைத்தொலைபேசிக்கு வருவோம். ஒரு தம்பி இராத்திரி பத்து மணிக்கு, "மழை பெய்யுது, வீட்ல இருக்கலாமா?" என்று மட்டும் கேட்கிறான் என்று வைப்போம். செயற்கை அறிவுக்கு அந்த வீடு கொழும்பிலா, கொஸ்லந்தையிலா என்று தெரியாது. "கதவு ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே பாதுகாப்பாக இருங்கள்" என்று அது சொல்லலாம். சமநிலத்தில் அது நல்ல புத்திமதி. சரிவின் அடியில் இருக்கும் லயத்துக்கு அதே புத்திமதி எமன். அதே தம்பி, "நாங்க ஹல்துமுல்லைப் பக்கம், லயத்துக்கு மேல செங்குத்தான மலை, நாலு நாளா மழை, இன்னைக்கு மத்தியானத்திலிருந்து பீலித் தண்ணி செம்மண் கலந்து வருது, சுவர்ல புதுசா வெடிப்பு" என்று எழுதினால் பதில் மாறும். உடனே வெளியேறச் சொல்லும் பக்கமாக அது சாய வாய்ப்பு அதிகம். கவனித்தீர்களா? கணனிக்குப் புத்தி வந்தது அந்தத் தம்பி சொன்ன விபரத்தால். அவ்வளவும் தெரிந்த பிறகு அந்தத் தம்பிக்குக் கணனியே தேவையில்லை. போனை மூடிவிட்டு அம்மாவை எழுப்பிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். அந்த வேளையில் எந்தச் செயலியிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்கு மலை தெரியாது. நாம் சொன்ன சொல் மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் அவசரமில்லாத நாளில் நாம் செய்யக்கூடியது என்ன? முன்பின்னைச் சேர்த்து வைப்பது. அதற்குப் பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, நேர்ச்சுவராக இருக்கும் ஒரு டின் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், நிலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆடாமல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், பெரட்டுக்குப் போகுமுன் என்று வைத்துக்கொள்வோம், பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே நிறுத்தித் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். டின் பெரிசோ சின்னதோ, உயரம் ஒன்றுதான் வரும். பார்த்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மழை கொட்டும் நாளில் இடையிலும் பார்க்க வேண்டும், ஆனால் அப்போது ஊற்றக் கூடாது.

ஒரு பழைய கொப்பியில் திகதி, மழை அளவு, அதற்குப் பக்கத்தில் கண்ணில் பட்டதை எழுதுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் புது ஊற்று, தெளிந்த பீலி கலங்கியது, எப்போதும் வரும் ஊற்று சட்டென்று நின்றது, நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்காத கதவு, மண் அடைத்த கான். வெடிப்பு என்றால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அடுத்த கிழமை அளந்தால் அகன்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். "கொஞ்சம் பெரிசாயிருச்சு போல" என்று சொல்வதைவிட "பத்து நாளில் 12 மி.மீ. அகன்றது" என்ற ஒரு வரியை உத்தியோகத்தர் சும்மா தள்ளிவிட முடியாது. லயத்துக்கு ஒரு கொப்பி போதும், ஒரு மூத்த பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைப்பிள்ளை, இராத்திரியில் எந்தப் பாதையால் இறங்கலாம், எந்தப் பாலம் மழைக்கு மூழ்கும் என்பதையும் அதிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் எடுங்கள். எடுக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து இலக்கம், எத்தனை நாளாக மழை, எத்தனை மில்லிமீற்றர், என்ன கண்டீர்கள் என்று கொப்பியைப் பார்த்தே வாசியுங்கள். பாலம் மூழ்கியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வருகிறவர்கள் எந்தப் பக்கத்தால் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.